கட்டிலுக்கடியில் ஒரு பாய்

நம் ஊர் வார்டுகளை வரைந்தவர்கள் நோயாளியைத் தனி ஆளாகத்தான் நினைத்தார்கள். அந்த வரைபடம் பிளாரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து வந்தது. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட மருத்துவமனைக் காய்ச்சலாலும் கழிச்சலாலும் அதிகம் செத்ததைப் பார்த்த அவர், 1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நீண்ட கூடம், இருபுறமும் கட்டில் வரிசை, எதிரெதிரே உயர்ந்த ஜன்னல்கள், சுமார் முப்பது பேர், அத்தனை பேர் மேலும் ஒரு சிஸ்டரின் கண். 1871-இல் லண்டனில் தேம்ஸ் கரையில் திறந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த முறையில் கட்டியதுதான்.

அப்படிப்பட்ட அரசு வார்டுகளிலேயே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குறை சொல்ல மனசு வரவில்லை. வாசலில் நின்றாலே கடைசிக் கட்டிலில் டிரிப் தீர்ந்துவிட்டதா என்று தெரியும். ஆனால் ராத்திரி ரவுண்டில் டார்ச்சை முதலில் தரையில்தான் அடிப்போம். கட்டிலுக்கடியில் பாய் விரித்து அம்மாவோ மாமியாரோ படுத்திருப்பார்கள். காலையில் பெரிய டாக்டர் வருமுன் "அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க" என்று விரட்டுவோம். கஞ்சி ஊட்டவும் பெட்பேன் வைக்கவும் அவர்களையே கூப்பிடுவோம். அவர்கள் இல்லாவிட்டால் வார்டே நடக்காது. அவர்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

மனநோய் வார்டுகளில் இது இன்னும் கடுமை. செயின்ட் தாமஸ் திறந்த அதே 1871-இல்தான் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மனநோயாளிகளுக்கான விடுதியும் வந்தது. சொந்தக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டுவதுதான் அந்தக் கால விடுதிகளின் வழக்கம்.

அந்த வழக்கத்தை மாற்றியவர் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர். 1950-களில் அங்கே மனநல மருத்துவமனை நிரம்பி வழிந்தது, ஆள் பற்றாக்குறை வேறு. வளாகத்திலேயே கூடாரம் போட்டு, குடும்பத்தையும் நோயாளியோடு தங்கச் சொன்னார். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். பக்கத்துக் கூடாரத்துப் பையன் தேறி வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்த்த அப்பாவுக்கு 'இது பேய் இல்லை, பாவம் இல்லை' என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இடநெருக்கடிக்கு என்று செய்தது வைத்தியமாகவே ஆகிவிட்டது.

வேலூர் சி.எம்.சி. அதையே விதியாக்கியது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியில் 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. சேர்க்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவராவது கூடவே தங்க வேண்டும். மாத்திரையை எப்போது கொடுப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுக்கிற சங்கதி அல்ல. தங்கியிருக்கும்போதே பழக வேண்டியது. 1963-இல் இந்தக் குடும்ப முறையைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையும் வந்தது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குடும்ப வார்டு வந்தது.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. கூடத் தங்க வருவது யார்? புருஷனுக்கு நோய் என்றால் பெண்டாட்டி வருவாள். பெண்டாட்டிக்கு நோய் என்றால் பெரும்பாலும் அவளைப் பெற்றவள்தான் வருவாள். வேலைக்குப் போகிறவனின் சம்பளம் நிற்கக் கூடாது, சரி; அந்தத் தாயும் எங்கோ களையெடுக்கப் போகிறவள்தான். அவளுடைய கூலியை எந்த வரைபடமும் கணக்கில் எடுத்ததில்லை. யாருமே வராதவர்களுக்கு இந்த முறையில் இடமும் இல்லை. அவர்களுக்குப் பழையபடி கீழ்ப்பாக்கம் மாதிரி இடங்கள்தான்.