பட்டிப்பூவும் ஒரு கடித உறையும்

வன்னியில் பட்டிப்பூவைக் காணாத ஆள் இருக்கேலாது. முல்லைத்தீவு மணலிலும் கிளிநொச்சி வேலியோரத்திலும் தண்ணி ஊத்தாமலே பூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. தமிழ்நாட்டில் இதுக்குப் பெயர் நித்தியகல்யாணி. இதன் இலையை அவிச்சுக் குடிச்சால் புற்றுநோய் மாறும் எண்டு வட்ஸ்அப்பில் கண்டிருப்பீங்கள். அதுக்குப் பின்னால் ஒரு உண்மைக் கதை இருக்கு. ஆனால் கதை அப்பிடி இல்லை.

பட்டிப்பூவின் சொந்த இடம் மடகஸ்கார். அங்கிருந்து பரவிப் போன ஜமேக்காவில் சனம் இதை சீனி வருத்தத்துக்குத்தான் குடிச்சது. 1952இல் அங்கிருந்து கொஞ்ச இலைகள் ஒரு கடித உறையில் கனடாவுக்கு வந்தன. ஒன்ராறியோ லண்டனில் (எங்கட சொந்தக்காரர் இருக்கிற மற்ற லண்டன் இல்லை) றொபேட் நோபிள் அதை எலிகளுக்குக் குடுத்துப் பார்த்தார். சீனி குறையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றினபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. வெண்குருதிக்கலங்கள் விழுந்துபோயிருந்தன. வேறு ஆளாயிருந்தால் குப்பையில் போட்டிருப்பார். நோபிள் மாறி யோசித்தார்: வெண்கலங்கள் கட்டுமீறிப் பெருகிற இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா?

அவரோடு வேலை செய்த சார்ள்ஸ் பியர் 1958இல் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தார். பிறகு அமெரிக்காவின் எலி லில்லி கம்பனி (எலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை) வின்கிறிஸ்ரினைக் கண்டுபிடிக்க, 1963இல் அதுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கிற நுண்ணிய நூல்களைக் கட்டவிடாமல் இவை தடுக்கும். பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் வின்கிறிஸ்ரின் குடுக்கிறார்கள்.

ஆகவே "முன்னோருக்கு அப்பவே தெரியும்" எண்டு சொல்லேலாது. அவர்கள் தேடினது வேறு.

இன்னொரு கணக்கு: ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும். மருந்தை அளந்து நாளத்தில் ஏற்றுவார்கள். ஒரு கோப்பைக் கசாயத்தில் எவ்வளவு இருக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. இலையில் நச்சுள்ள வேறு பொருட்களும் இருக்கு.

இலையை நம்புறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. 1990களில் வன்னிக்குள் மருந்து வரக் கட்டுப்பாடு இருந்தபோது கைமருந்துதான் துணை. இப்பவும் முல்லைத்தீவில் இருந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். முற்றத்து இலைக்குக் காசில்லை. ஆனால் கீமோ ஏற்றுகிற ஆளுக்கு ஏற்கனவே வெண்கலங்கள் குறைவு. அதோட டொக்டரிட்டச் சொல்லாமல் இந்த இலையையும் குடித்தால், நோபிளின் எலிகளுக்கு வந்தது அவருக்கும் வரலாம்.