பட்டமும் ஆய்வேடும்

அறிவிருக்க எம்.எஸ்ஸி. பட்டம் எதற்கு என வினவுவோர்க்கு, இயற்பியலறிஞர் அன்னா மணியின் வரலாறு விடை கூறும். பீருமேட்டில் 1918-இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் ஆனர்சு பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து, 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டினை அளித்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று கூறிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்தாரல்லர், இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-இல் ஓய்வு பெற்றார்.

வசதி மிக்க குடும்பத்தில் தோன்றிய அவருக்கே அந்நிலை எனில், சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கற்கப் புறப்படும் நமக்கு எத்தனை தடைகள் எழுப்பப்படும்! இளைஞர்களே, எம்.எஸ்ஸி. வகுப்பிலேயே ஆய்வேடு எழுதிப் பழகுங்கள். பட்டத்தையும் பெற்றே வெளிவாருங்கள். மறுப்பதற்கு ஒரு காரணமும் எஞ்சலாகாது.