வயல் மீன் வேண்டாத மீனான வரலாறு: கல்முனைக் கரையோரமும் நாட்டு நன்னீர் மீன்களும்

ஆய்வுச் சுருக்கம்

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் சுங்கான், பனையேறி, ஆரல், சிறு கெண்டை முதலிய நாட்டு நன்னீர் மீன்கள் இன்று மதிப்புக் குறைந்தவை. இதற்கு மார்க்கத்தையும் நாக்கின் சுவையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவ்விரண்டையும் விட, கடந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நீர்ப்பாசனம், மீன் இறக்குமதி, வலைச் சட்டம் ஆகியவற்றில் எடுக்கப்பட்ட முடிவுகளே இம்மதிப்பிழப்பில் பெரும் பங்கு வகித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. முன்னுரை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் திட்டில் அமைந்தவை. கிழக்கே கரைவலைத் தோணிகள். மேற்கே கரைவாகு போன்ற வட்டைகளும் (தாழ்நில வயல்வெளிகளும்), கிட்டங்கித் துறையை ஒட்டிய நீர்ப்பரப்பும், வாய்க்கால்களும். காலையில் பிடிபட்ட கீரியும் பாரையும் பகலுக்குள் சட்டிக்கு வரும் ஊரில் குளத்து மீன் இரண்டாம் இடத்தில் நிற்பது வியப்பன்று.

ஆனால் அந்த இரண்டாம் இடத்துக்குள்ளும் படிநிலை உண்டு. மதகடியில் தூண்டில் போடுபவர் விராலை ஆவலோடு தூக்குவார். திலாப்பியா ஏறினால் கறிக்கு ஆயிற்று. சுங்கான் ஏறினால் முகம் சுளிப்பார். அதன் பக்க முள் குத்தினால் நஞ்சேறிக் கடுக்கும். பனையேறி முள்ளும் செதிலுமாக இருக்கிறது என்று ஒதுக்கப்படும். சிறு கெண்டை இரையாகவே கணக்கில் வரும். இந்த வரிசை எப்போது, எவ்வாறு உருவானது?

2. மருத நிலத்து மதிப்பு

தமிழ் மரபில் நன்னீர் மீனுக்குத் தாழ்ந்த இடம் இருந்ததில்லை. சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் வாளையும் வராலும் ஆரலும் கெண்டையும் வளத்தின் அடையாளங்கள். கிழக்கின் வட்டைகளும் அந்த வளத்துக்கு உரியவையாகவே இருந்தன. பிரித்தானிய ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் (1855–1860) இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டு வயற்பரப்பு விரிந்தது. அப்போதும் நீர் மழையைப் பின்பற்றியே வந்தது: வடகீழ்ப் பருவமழையில் குளம், வாய்க்கால், வயல், களப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலக்கும், கோடையில் பிரிந்து வற்றும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ற உடலமைப்பு நாட்டு மீன்களுக்கு உண்டு. விரால், பனையேறி, சுங்கான் மூன்றும் காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்புக் கொண்டவை; ஒட்சிசன் குறைந்த சேற்று நீரிலும் உயிர் தரிக்கும். தோணியும் பெருவலையும் இல்லாத விவசாயக் குடும்பத்துக்கு அவை வீட்டு வாசலில் கிடைத்த புரதம். கரப்பும் அத்தாங்கும் தூண்டிலும் போதுமாக இருந்தன.

3. மார்க்கம் காரணமா?

செதில் இல்லாத மீனை ஒதுக்குவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) மீனைச் செதில் கொண்டு பிரிப்பதில்லை. சுங்கானும் விலாங்கும் ஹலாலே. செதிலை நிபந்தனையாக்குவது ஷீஆ ஜஅஃபரி மத்ஹபும் யூத சமயச் சட்டமும். எனவே இந்த வெறுப்புக்கு ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், வேர் தேட முடியாது.

சுவையைக் குறை கூறுவோர் சொல்லும் சேற்று வாடை என்ற காரணம் உண்மையானது. ஆயினும் அது நாட்டு மீனுக்கு மட்டும் உரியதன்று. நீலப்பச்சைப் பாசிகளும் சிலவகை மண் பற்றீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் போன்ற சேர்மங்களே அந்த வாடையைத் தருகின்றன. அதே நீரில் வளரும் திலாப்பியாவிலும் அது ஏறும். சாம்பலும் உப்பும் தேய்த்துக் கழுவுவதும் புளியோ கொறுக்காயோ சேர்ப்பதும் இதற்கென்றே சமையலறை கண்ட வழிகள்.

4. அணையும் அந்நிய மீனும்

திருப்பம் 1949இல் தொடங்கிற்று. அவ்வாண்டு அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ், தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்பட்ட கல்லோயாவுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்தது. சுமார் 95 கோடி கன மீற்றர் நீரைக் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. கரையோர வயல்களுக்கு நீர் இனி மழையைப் பார்த்து வரவில்லை. மதகுத் திறப்பைப் பார்த்து வந்தது. மழைநீரோடு மேலேறி முட்டையிடும் கெண்டையினங்களுக்கும், கடலில் பிறந்து ஆற்றில் வளரும் விலாங்குக்கும் பெரும் அணை ஒரு மூடிய கதவு. இரு போகச் செய்கையோடு வந்த பூச்சிகொல்லியும் களைகொல்லியும் வயலுக்குள் மீன் வாழும் இடத்தைச் சுருக்கின.

அதே காலத்தில், 1952இல், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கு அறிவியல் நியாயம் இருந்தது. இலங்கையில் இயற்கையான பெரு ஏரிகள் இல்லை; நாட்டு மீன்கள் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை; ஆகவே புதிய நீர்த்தேக்கங்களின் அகன்ற பரப்பைத் திலாப்பியா நிரப்பியது என்று சி.எச். பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் விளக்கினர். பலன் கண்கூடு. நாட்டின் நீர்த்தேக்க மீன்பிடியில் திலாப்பியா தனிப்பெரும் இனமானது.

இதன் பக்கவிளைவை எவரும் திட்டமிடவில்லை. திலாப்பியாவே அளவுகோலானதால், சட்டமும் அதற்கேற்பவே வகுக்கப்பட்டது. திலாப்பியாக் குஞ்சுகளைக் காக்க, நீர்த்தேக்கங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலை தடுக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பெருங்கண் வலைக்குள் சிறு கெண்டைகள் அகப்படா. ஆகவே அவை சந்தைக்கும் வரவில்லை. நீர்த்தேக்கங்களில் இச்சிறு இனங்கள் பயன்படாத பெருவளமாகக் கிடக்கின்றன என்றும், திலாப்பியாவுக்குத் தீங்கின்றி அவற்றைப் பிடிக்க வழியுண்டு என்றும் களனிப் பல்கலைக்கழகத்தின் உபாலி அமரசிங்க போன்றோர் 1980களிலிருந்து எழுதி வந்துள்ளனர். சந்தையில் காணாத மீனைச் சமைக்கும் பழக்கமும் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறது.

5. கொள்கையும் யுத்தமும் ஆழிப்பேரலையும்

1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவைக் கைவிட்டது. 1994இல் மீண்டும் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது நக்டா, தோன்றியது. இங்கினியாகலை உட்பட அதன் குஞ்சு வளர்ப்பு நிலையங்கள் பெரும்பாலும் திலாப்பியாவையும் இந்தியப் பெருங் கெண்டைகளையும் முன்னிறுத்தின. மீன்வளம் என்றால் குஞ்சு விட்டு வளர்ப்பது என்ற எண்ணம் வேரூன்றியபோது, தானாக வாழும் மீன் வளமாகத் தோன்றவில்லை.

யுத்த காலத்தில் கிழக்கின் கடற்றொழிலுக்குப் பாதுகாப்புத் தடைகள் இருந்தன. மேற்கு வட்டைகளுக்குப் போய்வருவதும் அபாயமாயிற்று. பின்னர் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதுவும் பேரழிவைக் கண்டன. அதன்பின் சில வாரங்கள் நாடெங்கும் மக்கள் கடல் மீனைத் தொட அஞ்சினர். மீன் விலை சரிந்தது. கடல் மீனின் சுவை அந்த வாரங்களில் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய எண்ணமே மாறியது. பின்னர் அச்சம் தணிந்து கடல் மீன் மீண்டும் சட்டிக்கு வந்தது. மதிப்பு நாக்கில் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று தேவையில்லை.

6. ஒப்பீடு

அமெரிக்காவிலும் தூண்டிற்காரர்கள் போஃபின், கார், சக்கர் முதலிய நாட்டு மீன்களை நீண்டகாலம் தரமற்றவை என ஒதுக்கினர். கரையில் வீசிக் கொன்றனர். அந்த வகைப்பாட்டைக் கைவிடுமாறு 2021இல் ஓர் ஆய்வாளர் குழு கோரியது. 2024இல் மினசோட்டா மாநிலம் சட்டத்தில் நாட்டு இனங்களுக்குத் தனி இடம் கொடுத்தது. நமக்கு அண்மையில் பங்களாதேஷ் உண்டு. அங்கே முழுதாக உண்ணப்படும் மோலா என்னும் சிறு மீனில் விற்றமின் ஏ மிகுதியாக உள்ளதை நிறுவி, குளங்களில் அதை வளர்க்கத் தூண்டிய ஷகுந்தலா தில்ஸ்டெட் 2021இல் உலக உணவுப் பரிசு பெற்றார். மோலாவின் பேரினத்தைச் சேர்ந்த சிறு மீன் நம் குளங்களிலும் வாழ்கிறது. விராலைப் பொறுத்தவரை, சத்திரசிகிச்சைக்குப் பின் காயம் ஆற அதை உண்ணும் வழக்கம் மலேசியாவில் ஆய்வுக்குரிய பொருளாகவே ஆகியுள்ளது.

7. முடிவுரை

கல்முனைக் கரையோரத்தில் நாட்டு நன்னீர் மீன்கள் மதிப்பிழந்தமைக்கு முதன்மையான காரணங்கள் மூன்று: வயலையும் குளத்தையும் பிரித்த நீர்ப்பாசனம், திலாப்பியாவை அளவாக்கிய கொள்கை, சிறு மீனைச் சந்தையிலிருந்து விலக்கிய வலைச் சட்டம். மூன்றும் மனிதர் எடுத்த முடிவுகள், திருத்தக் கூடியவை. திலாப்பியாவைத் துரத்த வேண்டியதில்லை. ஏழைக் குடும்பங்களின் தட்டில் அதன் பங்கு பெரிது. செய்ய வேண்டியவை வேறு: சிறு கெண்டைகளுக்குக் கட்டுப்பாட்டுடன் சிறுகண் வலையை அனுமதிப்பது, கரைவாகு போன்ற வட்டைகளின் சதுப்புகளை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுப்பது, வட்டை மீன்களின் பெயரையும் பக்குவத்தையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்வது. கடைசிப் பணிக்கு ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமே பொருத்தமான இடம். அறிந்தோர் இருக்கும்போதே அது தொடங்கப்பட வேண்டும்.