லயத்துப் பூனையின் மறைவிடம்

வீட்டுப் பூனை ஏன் அலுமாரிக்கு அடியிலும் துணி மூட்டைக்குள்ளும் போய் ஒளிகிறது என்ற கேள்வியைக் கொழும்பில் எவரும் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் கேட்டால், விடை லயங்களின் சரித்திரத்தையும் சேர்த்துக் கிளறிவிடும்.

விஞ்ஞானம் கூறுவது சுருக்கமானது. வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனை. தனித்து வேட்டையாடுவது, தானும் பெரிய விலங்குக்கு இரையாகக்கூடியது. எனவே முதுகுக்குச் சுவரும் முன்னால் பார்வைக்கு வழியும் உள்ள சந்தே அதற்குப் பாதுகாப்பு. 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை ஆராய்ந்தனர். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம் விரைவில் தணிந்தது. மற்றொரு காரணம் சூடு. நமக்கு இதமான வெப்பம் பூனைக்குக் குளிர். 30 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது சுகம் காணும்.

இனி லயத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தோன்றித் தேயிலைக் காலத்தில் பெருகிய இந்நீண்ட கட்டடங்களில் ஒரு குடும்பத்துக்கு வாய்த்தது, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பராவும் முன்னே ஒரு இஸ்தோப்புமே. ஆறேழு பேர் படுத்துறங்கும் அவ்விடத்தில் மனிதர் எவருக்கும் மறைவில்லை. பூனைக்கு உண்டு: அடுப்புக்கு மேலே விறகு காயும் தட்டு, சுருட்டி வைத்த கம்பளி, தகரக் கூரையின் கீழ்ச் சந்து. பழைய லயங்கள் பலவற்றில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. அவ்வழியே எல்லா வீடுகளுக்கும் போய்வரும் உரிமை பூனைக்கு மட்டுமே இருந்தது.

அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் தமிழில் வறுமை என்று பொருள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் விடியுமுன்பே தேநீரும் ரொட்டியும் ஆக்கிவிட்டுப் பெரட்டுக்குப் போகும் வீட்டில், ஆட்கள் மலையில் இருக்கும் நேரம் முழுவதும் சாம்பல் சூடாகவே கிடக்கும். அங்கே உறங்கும் பூனை பஞ்சத்தின் சாட்சியன்று. ஆளில்லாப் பகலின் சாட்சி.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்து லயங்கள்மீது மலை சரிந்தது. பிராணிகள் முன்கூட்டியே அறிந்து ஓடிவிட்டன என்ற கதை எந்த அனர்த்தத்துக்குப் பின்னும் எழும். அதை அச்சேற்ற எனக்கு மனம் வருவதில்லை. மீரியபெத்தவில் முன்னறிவிப்புக்குப் பூனை தேவைப்படவில்லை. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கைக்கு வராததால் சனங்கள் அங்கேயே இருந்தார்கள்.

தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மக்கல்தெனியவில் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒதுங்கினர். 2016இல்தான் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு மாறிய பூனை முதற் சில நாட்கள் ஒளிந்தே கிடக்கும். தன் வாசம் ஏறிய பழந்துணி ஒன்றைப் போட்டால் மெல்ல வெளியே வரும். மண்ணுக்கடியில் போன காம்பராக்களிலிருந்து எடுத்துவர அப்படியொரு துணியும் மிஞ்சியிருக்கவில்லை.