துப்பாக்கியும் அதன் சான்றுரையும்

பழம்பொருள் ஒன்று கைமாறும்போது பொருளுடன் சேர்ந்து அதைப் பற்றிய சொற்களும் கைமாறுகின்றன. செய்தவர் யார், காலம் எது, யார் கையிலிருந்து வந்தது, எங்கே பழுது பார்க்கப்பட்டது என விற்பவர் எழுதித் தரும் சில வரிகளே பிற்காலத்தில் வரலாற்றுச் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. ஆகவே விற்பனைக் குறிப்பில் நுழையும் பொய், வாங்குபவர் ஒருவரை மட்டும் ஏமாற்றுவதோடு நில்லாது, வருங்கால வரலாற்றாசிரியரையும் ஏமாற்றிவிடுகிறது. இணையவழி ஏலங்கள் பெருகிவிட்ட இந்நாளில், பழந்துப்பாக்கிகளை முன்வைத்து இதனை ஆராய்வது பயனுடையதாகும்.

ஜெயங்கொண்டம் வட்டாரம் துப்பாக்கியின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்களையும் ஆற்காடு நவாபு முகம்மதலி வாலாஜாவின் படை 1765இல் கைப்பற்றியது. 1782 பிப்ரவரியில், இவ்வட்டாரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் கரையில், அன்னகுடி என்னுமிடத்தில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் கம்பெனிப் படையைத் திப்பு சுல்தான் முறியடித்தார். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது. இவ்வாறு பறிக்கப்பட்டும் உருக்கப்பட்டும் போன பாளையத்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று முகவரி இல்லை. அவற்றைப் பற்றி எழுதி வைத்தோர் இலர்.

இதற்கு மாறாக, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் உருவான திப்புவின் துப்பாக்கிகள் தம் வரலாற்றைத் தம் உடலிலேயே தாங்கி நிற்கின்றன. குழலிலும் விசைப்பொறியிலும் புலிவரிகள், செய்த கம்மியரின் பெயர், ஆண்டு ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை முறையாக ஆராய்ந்து ராபின் விகிங்டன் 1992இல் தனி நூலொன்றை வெளியிட்டார். 2015 ஏப்ரலில் இலண்டனில் அவருடைய தொகுப்பிலிருந்து திப்புவின் வாள்களும் துப்பாக்கிகளுமாக 30 பொருள்கள் ஏலம் விடப்பட்டு, அறுபது இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயின.

இத்துப்பாக்கிகளின் ஆண்டுக் குறிப்பை வாசிப்பதில்தான் விற்பவரின் அறிவும் நேர்மையும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. திப்பு சுல்தான் 1787ஆம் ஆண்டளவில் ஹிஜ்ரிக் கணக்குக்குப் பதிலாக, நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து தொடங்கும் மௌலூதி ஆண்டினை நடைமுறைப்படுத்தினார். எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். துப்பாக்கியொன்றில் மௌலூதி 1224 என்றிருப்பதாகக் கொள்வோம். அது கி.பி. 1796ஐ ஒட்டியதாகும். அதனையே ஹிஜ்ரி எனக் கொண்டால் 1809 என்றாகிவிடும். திப்பு ஷஹீதானதோ 1799 மே 4ஆம் நாள். அவர் மறைந்து பத்தாண்டு கழித்துச் செய்யப்பட்டதென அசலான பொருள் போலியாகக் கருதப்பட அந்த ஒரு வரியே போதும். மறுபுறம், இக்கணக்கினை அறியாத போலிக் கைவினைஞன் எண்களை வழக்கமான வரிசையிலேயே பொறித்து அகப்பட்டுக்கொள்வான். எனவே பொறிப்பினை உள்ளது உள்ளவாறே படியெடுத்துக் காட்டுவதும், தம் விளக்கத்தைத் தனியே தருவதும் குறிப்பு எழுதுபவரின் முதற்கடமையாகும்.

இரண்டாவது கடமை குறைகளை வெளிப்படுத்துவது. 19ஆம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கிய துப்பாக்கிகள் பல கேப்புத் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன. பிற்காலத்தார் அவற்றுட் சிலவற்றை விலை கருதி மீண்டும் பழைய வடிவுக்குத் திருப்பினர். கட்டை மாற்றப்பட்டிருக்கலாம், தேய்ந்த எழுத்துகள் மீண்டும் வெட்டப்பட்டிருக்கலாம். இவற்றை மறைத்தவர் பொருளின் வயதையே மறைத்தவராவார். குறையைச் சொன்னால் விலை குறையும் என்ற அச்சமும் எப்போதும் மெய்யன்று. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தார் ஏலத்தில் விட்ட திப்புவின் துப்பாக்கியில் போர்க்களச் சேதம் சீர்செய்யப்படாமலே இருந்தது. அதுவே அதன் அசல் தன்மைக்குச் சான்றாக எடுத்துரைக்கப்பட்டு, 60,000 பவுண்டுக்கு அது விற்பனையாயிற்று.

மூன்றாவது கடமை, பொருள் வந்த வழியைக் கூறுவது. இங்கே நம் வட்டாரமே உலகறிந்த படிப்பினை ஒன்றினைத் தந்துள்ளது. உடையார்பாளையம் வட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இந்தியத் தொல்பொருள் சட்டம் வந்த 1972க்கு முன்பே அது தில்லியில் வாங்கப்பட்டதாக விற்பனையாளர் காட்டிய தாள்கள் புனையப்பட்டவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்திருந்த ஒளிப்படங்கள், அத்திருமேனி அப்போதும் தமிழ்நாட்டிலேயே இருந்ததை மெய்ப்பித்தன. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது. சிலைக்கு நேர்ந்தது துப்பாக்கிக்கும் நேரும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையிடப்பட்டதை ‘சேகரிக்கப்பட்டது’ என மெருகிட்டு எழுதுவதும் ஒருவகைப் புனைவேயாகும்.

இஸ்லாமிய வணிக ஒழுக்கம் இம்மூன்று கடமைகளையும் முன்னரே வகுத்துள்ளது. கடைவீதியில் தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மறைக்கப்பட்ட குறை வெளிப்படின் வாங்கியவர் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்ற உரிமையை ‘கியாருல் ஐப்’ என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தனர். குழலுக்குள் மறைந்த விரிசலும் குவியலுக்குள் மறைந்த ஈரமும் ஒன்றேயன்றோ!

இந்தியச் சட்டமும் மெய்யான குறிப்பையே வேண்டி நிற்கிறது. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழந்துப்பாக்கிகளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. எனவே சுடுமா, சுடாதா என்பது மழுப்பத்தக்க செய்தியன்று. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கும் வாளோ துப்பாக்கியோ நம் கைக்கு வருமாயின், விலை பேசுவதற்கு முன் அதன் அளவு, எழுத்து, குறை, வந்த வழி ஆகியவற்றை எழுதி, ஒளிப்படமும் எடுத்து வைப்போமாக. அறியாததை அறியோம் என எழுதுவதும் சான்றுரையின் ஒரு பகுதியே. ஸ்ரீபுரந்தான் திருமேனியை மீட்டுத் தந்தவை 1994இல் எவரோ பொறுப்புடன் எடுத்துவைத்த சில படங்களே என்பதை நாம் மறத்தலாகாது.