பிங்கோ என்னும் சொல்லும் அலபாமா நீதிமன்றங்களும்

நம் நாட்டில் தம்போலா என்று வழங்கும் எண் விளையாட்டையே அமெரிக்கர் பிங்கோ என்பர். அலபாமா மாநிலத்தின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 65ஆம் பிரிவில் லாட்டரியைத் தடை செய்தது. பின்னாளில் லவுண்ட்ஸ் மாவட்டத்து ஒயிட் ஹால் ஊருக்கும் மேக்கன் மாவட்டத்துக்கும், அறப்பணிக்கெனப் பிங்கோ நடத்த இசைவளித்துத் தனித் திருத்தங்கள் வந்தன. பிங்கோ எது என்று அவை வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில் பொத்தானை அழுத்தினால் நொடியில் முடிவு காட்டும் மின்பொறிகள் நூற்றுக்கணக்கில் நுழைந்தன.

2009 மார்ச்சில் அரசு ஒயிட் ஹால் கூடத்தில் பொறிகளைக் கைப்பற்றியது. விந்தை என்னவெனில், முதல் தடையாணை அரசுக்கு எதிராகவே பிறந்தது! அதே ஆண்டு நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. சொல்லின் பொருளை ஆராய்ந்து, ஆறு அடையாளங்களையும் அது வகுத்தது: ஐந்து வரிசையும் ஐந்து நிரலும் கொண்ட அட்டை வேண்டும், எண்களை ஒருவர் அறிவிக்க வேண்டும், ஆடுவோர் செவிமடுத்துக் குறிக்க வேண்டும், கவனக்குறைவால் வெற்றியை இழக்கவும் கூடும், வென்றவர் தாமே அறிவிக்க வேண்டும், பலர் ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டும். சட்ட நூல் பயில்வோர்க்கு, பெயரைக் கொண்டு அல்லாது பொருளைக் கொண்டு தீர்ப்பளித்த இம்முறை சுவையானது.

ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. 2013இல் மேக்கனின் விக்டரிலேண்டில் 1,615 பொறிகள் கைப்பற்றப்பட்டன. பிற இடங்களில் அத்தகைய கூடங்களை விட்டுவைத்து இங்கு மட்டும் கைவைப்பது பாரபட்சம் எனக் கீழ் நீதிபதி 2015இல் பறிமுதலை மறுத்தார். அவ்வாண்டே ஆளுநர், சூதாட்டச் சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பை மாவட்ட ஷெரீப்களிடம் ஒப்படைத்தார். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பறிமுதலை உறுதி செய்தது. செப்டம்பரில் கூடம் மீண்டும் திறந்தது.

குற்றவியல் வழி பயனளிக்காததால் தலைமை வழக்கறிஞர் 2017இல் உரிமையியல் வழியை நாடினார். இக்கூடங்கள் பொதுத் தொல்லை, ஆகவே நிலையான தடையாணை வேண்டும் என்பது வாதம். ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. ஜூரியின் தயவு அங்கே தேவைப்படாது. கீழ் நீதிமன்றங்கள் இணங்கவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், முப்பது நாளுக்குள் தடையாணை பிறப்பிக்கப் பணித்தது. வேலைவாய்ப்பு அரிதான ஏழை மாவட்டங்கள் அவை. ஊழியர் நிலையை எண்ணினால் வருத்தமே மிஞ்சும்.

கீழ் நீதிபதி சொன்ன பாரபட்சத்துக்கு வேறொரு முகமும் உண்டு. போர்ச் கிரீக் பழங்குடியினர் அலபாமாவிலேயே மூன்று மின்பிங்கோக் கூடங்கள் நடத்துகின்றனர். அவர்கள்மீதும் அரசு இதே பொதுத் தொல்லை வழக்கைத் தொடுத்தது. பழங்குடி நிலம் 1988ஆம் ஆண்டு நடுவண் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருவது எனக் கூறி, நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை ஏற்க மறுத்துவிட்டது.