வெறுமையாய் நின்ற புலவரிருக்கை

வேல்சு நாட்டில் கவிஞனுக்கு அளிக்கப்படும் தலையாய சிறப்பு பொற்கிழியன்று, ஒரு நாற்காலி. ஐஸ்டெத்வொட் எனப்படும் தேசியக் கலைவிழாவில், மரபுயாப்பில் அமைந்த சிறந்த நெடும்பாடலுக்கு அது பரிசாகும். ஓரடிக்குள் மெய்யொலிகள் ஒழுங்குபட இயைந்து வருதல் அம்மரபின் கட்டளை; நம் மோனை எதுகைகளை அறிந்தோர்க்கு அதன் அருமை எளிதில் விளங்கும். தகுதியான பாடல் வாராத ஆண்டில் இருக்கையும் வழங்கப்படுவதில்லை.

அத்தகைய இருக்கைகளுள் வரலாறு மறவாதது 1917ஆம் ஆண்டு பர்க்கன்ஹெட் நகர விழாவுக்கெனச் செய்யப்பட்ட ஓக் மர நாற்காலி. அதனைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்ளெட்டரன். பெல்ஜியத்தின் மெக்கலன் நகரிற் பிறந்த தச்சரான அவர், முதல் உலகப்போர் மூண்டபோது நாடிழந்து இங்கிலாந்திற் புகலடைந்தவர். தமக்கு அயலான ஒரு மொழியின் கவிஞனுக்காக, அம்மக்களின் மரபுச் சின்னங்களை ஓக் மரத்தில் நுணுக்கமாக வடித்தார்.

அவ்விருக்கைக்குரியவர் எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ். டிரவ்ஸ்வனித் ஊரை அடுத்த அர் அஸ்கூர்ன் என்னும் பண்ணையில் ஆடு மேய்த்த உழவர் மகன். ‘தூய அமைதி’ எனப் பொருள்படும் ஹெத் வின் என்பது அவர்தம் புனைபெயர். கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தபோது, தம்பிக்கு மாற்றாகத் தாமே படையிற் சேர்ந்தார். ‘வீரன்’ என்ற தலைப்பிலான போட்டிப் பாடலைப் பிரான்சு முகாமிலிருந்து அனுப்பிவைத்தார். 1917 சூலை 31ஆம் நாள், பெல்ஜிய மண்ணில் பில்கம் மேட்டில் நிகழ்ந்த போரில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது.

செப்டம்பர் 6ஆம் நாள், தலைமையமைச்சர் லாயிட் ஜார்ஜ் அமர்ந்திருந்த அவையில், வென்றவரின் மறைபெயர் அழைக்கப்பட்டது, எவரும் எழவில்லை. கவிஞர் போரில் மாண்ட செய்தியைத் தலைமைப் புலவர் டைவெட் அறிவித்தார். வெற்றிருக்கையின்மீது கருந்துணி போர்த்தப்பட்டது. ‘கறுப்பு நாற்காலி’ என்னும் பெயர் மரத்தின் நிறத்தால் வந்ததன்று. துயரின் நிறத்தால் வந்தது. தச்சர் துறந்து வந்த நாட்டிலேயே கவிஞர் புதையுண்டார் என்பது காலத்தின் கொடிய முரண்.

இருக்கை பெற்றோரிடம் சேர்ந்தது. பாட்டிக்குக் கொடுத்த வாக்கின்படி, கவிஞரின் உடன்பிறந்தார் மகனான ஜெரால்டு வில்லியம்ஸ் வருவோர்க்கெல்லாம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஓக் உறுதியான மரமே. ஆயினும் காற்றின் ஈரம் ஏறியிறங்க, அதுவும் விரிந்து சுருங்கும், பொருத்துவாய்கள் நெகிழும். செதுக்கலின் மெல்லிய நுனிகளே முதலில் உதிர்வன. பள்ளங்களில் தூசியும் அடுப்புப் புகையும் படியும். 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் அப்பண்ணையை வாங்கியது. வீடும் இருக்கையும் செப்பனிடப்பட்டு, 2017இல் பண்ணை மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இத்தகைய பொருளைப் பேணுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிதைவை நிறுத்தாவிடில் பொருள் அழியும். புத்தம் புதிதாக மெருகிட்டாலோ வரலாறு அழியும். ஒரு குடும்பம் துயரோடு பேணிய தடங்களும் அம்மரத்தின் எழுத்துகளே. ஆகவே உதிர்வதைத் தடுத்து, தேய்ந்ததைத் தேய்ந்தவாறே விடுதல்தான் நேரிய பேணுகை. பழுதனைத்தும் நீக்கலாம், ஆனால் அதில் அமரவேண்டியவன் அமரவில்லை என்னும் ஒரு குறையை எந்தத் தச்சனாலும் நிரப்ப இயலாது. அக்குறையே அந்நாற்காலியின் பொருள்.